துரையின் கடிதம்

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்தால், அக்கா வீட்டு வாசலில் சனம் கூடி நிற்கிறது. குடித்துவிட்டு வந்த அத்தான், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். யாராவது கதவைத் தொட்டால் இவளை வெட்டிப்போடுவேன் என்று கத்தினார். அக்காவின் அழுகை வெளியே கேட்டது.

மூன்று மைல் ஓடிப்போய்ப் போலீஸில் சொன்னேன். சார்ஜன்ட் நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

"தொரை கடிதம் இல்லாம தோட்டத்துக்குள்ள வர ஏலாது" என்றார்.

அது சட்டமில்லை, வெறும் வழக்கம். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன்? தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவுக்கு ஓடினேன். அவர் பகல் தூக்கத்தில் இருந்தார். நாலு மணிக்குத் தேநீர் கொடுக்கும்போதுதான் எழுப்பலாம் என்றார் சமையற்கார அப்பு. நானும் குசினி வாசலில் கைகட்டி நின்றேன். துரையை எழுப்பக் கூடாது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியிருந்தது. இன்றைக்கும் நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எழும்பிய துரை மறுபேச்சில்லாமல் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அதோடு திரும்பவும் போலீஸுக்கு ஓடினேன். அதைக் கண்டதும் ஜீப் கிளம்பியது. கதவை உடைத்தபோது அக்கா இறந்து கிடந்தாள். அழுகை நின்று அரை மணி நேரம்தான் ஆகிறது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அன்று மாலை சார்ஜன்ட் சிங்களத்தில் வாக்குமூலம் எழுதி, என் தோளைத் தட்டிக் கையெழுத்துக் கேட்டார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. லயத்தில் மற்றவர்கள் கைரேகை வைப்பார்கள், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்ற கர்வம் வேறு. போட்டேன்.

மரண விசாரணையில் எங்கள் தொழிற்சங்கத்து வக்கீல், மத்தியானமே ஏன் போகவில்லை என்று சார்ஜன்டைக் கேட்டார். அவர் அந்தத் தாளை நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். நான் ஒரே தடவைதான் வந்தேனாம், அதுவும் நாலரை மணிக்கு. போலீஸ் உடனே புறப்பட்டதாம். கையெழுத்து உன்னுடையதா என்று நீதவான் கேட்டார். ஆமாங்க என்றேன். மத்தியானமே போனேன் என்று நான் கத்தியதை யாரும் எழுதவில்லை. அத்தானை மறியல் சிறைக்கு அனுப்பிய நீதவான், போலீஸ் மேல் பிழையில்லை என்று முடித்துவிட்டார்.

வெளியே மரத்தடியில் அம்மா காத்திருந்தாள்.

"அந்தப் போலீஸ்காரங்கள என்னப்பா செஞ்சாங்க?"

"ஒன்னும் செய்யலம்மா. அவங்க மேல தப்பில்லன்னு நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."