படத்துக்கு வைத்த தண்ணீர்

என் கணவர் இந்த உலகத்துக்கு விட்டுச் சென்றது ஒரே ஒரு செடி. பிள்ளை இல்லை. அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், நாங்களே கொட்டியதில்லை. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் தூக்கும் கிரேனில் காலம் பூராவும் உட்கார்ந்திருந்த மனுஷன், சிறுநீரகம் கெட்டு வேலையை விட்ட பிறகு, எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டின் பால்கனியில் செடிகளுக்குக் கல்யாணத் தரகராகிவிட்டார்.

சக்குலன்ட் என்பார்கள். தடித்த குட்டி இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒன்று கேமரன் மலையில் வாங்கியது, இன்னொன்று செந்தூல் பாசார் மாலாம் இரவுச் சந்தையில். இரண்டும் சேர்ந்தாற்போலப் பூத்ததும், நான் உதட்டுச்சாயம் பூசும் பிரஷ்ஷை எடுத்து இதன் மகரந்தத்தை அதில் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது என் பிரஷ்!"

"நல்ல காரியத்துக்குத்தானே. நீ பூசி யாரு பார்க்கப் போறா?"

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

தூசி மாதிரி விதை வந்தது. முளைத்தவையெல்லாம் இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒவ்வொன்றாகப் போய்ச்சேர்ந்தன. ஆத்தாள் செடியும் அப்பன் செடியும்கூடச் செத்தன. ஒன்றே ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. சாம்பல் பூத்த பச்சை, இலை ஓரத்தில் கத்தரிப்பூ நிறம். எந்தக் கடையிலும் இல்லாத சாதி. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. விதை போட்டால் இதே மாதிரி வராது, இலையைப் பிய்த்துக் காய்ந்த மணல்மேல் வைத்தால்தான் இதே செடி வரும் என்று பாடம் எடுத்தார். ஆனால் ஓர் இலையைத் தொடவிடவில்லை. யார் கேட்டாலும், "பெருசாகட்டும் லா." தண்ணீரையும் அவரே ஸ்பூனில் ஊற்றுவார், அதுவும் மண் நன்றாகக் காய்ந்த பிறகு.

செடி பெரிதாவதற்குள் அவர் போய்விட்டார்.

துக்கத்துக்குக் கிள்ளான் பக்கத்து மேருவிலிருந்து அவருடைய அக்கா வந்து, பதினாறு முடியும்வரை எங்கள் வீட்டிலேயே தங்கினார். அந்த அண்ணி இல்லாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு கிடையாது, உண்மையைச் சொல்கிறேன். வருகிறவர்களுக்குக் காப்பி போட்டார், படத்துக்கு விளக்கேற்றினார், படத்துக்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக் காலையில் மாற்றினார். நான் அறையிலேயே கிடந்தேன். பால்கனி இருக்கிற திசையைக்கூடப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தால், செடியின் தண்டு கருத்து, கூழாகி, நாற்றமடித்தது.

"யாரு இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

"நான்தான்," என்றார் அண்ணி. "படத்துக்கு வச்ச தண்ணிய கால் படுற எடத்துல ஊத்தலாமா? பிளாட்டுல மண்ணு எங்க இருக்கு? இந்தக் கத்தாழதான் இருந்துச்சு."

தினம் ஒரு செம்பு! பதினாறு நாளும் பக்தியோடு ஊற்றியிருக்கிறார். புண்ணியம் தாங்காமல் அழுகிச் செத்த செடி இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"எமன் ஒரு தடவ கொண்டுபோனான். ரெண்டாவது தடவ நீங்க கொண்டுபோயிட்டீங்க அண்ணி."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான், சொல்லிவிட்டேன். அண்ணி முகம் சிவந்துவிட்டது.

"நான் ஊத்துனேன்! நீ? தண்ணி தண்ணின்னு எந்தம்பி கெஞ்சுனானே, ஒரு முழுங்கு குடுத்தியா?"

டயாலிசிஸ்காரருக்கு அளந்துதான் தண்ணீர். டாக்டர் சொன்ன அளவு ஒரு பிளாஸ்டிக் போத்தலில் இருக்கும், அதற்குமேல் போனால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். கடைசி மாதங்களில் அவர் ஐஸ் கட்டி கேட்பார், குழம்பில் ஒரு கரண்டி கூடக் கேட்பார், கிடைக்காவிட்டால் என்னை ஜெயில் வார்டன் என்பார். அண்ணி வரும்போதெல்லாம் இந்தக் கூத்தைத்தான் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், பையைத் தூக்கிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறப் போய்விட்டார்.

மிச்சமிருந்த இலைகளைக் காய்ந்த மணலில் பரப்பினேன். தொட்டாலே உதிர்ந்தன, அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொன்றாகச் சளியானது. கடைசி இலையும் போன அன்று எனக்கு அண்ணிமேல் கோபம் வரவில்லை, என் கணவர்மேல்தான் வந்தது. பெருசாகட்டும், பெருசாகட்டும்! ஓர் இலையைக் கிள்ளவிட்டிருந்தால் இன்றைக்கு ஒன்றாவது இருந்திருக்குமே, படுபாவி மனுஷா என்று படத்தைப் பார்த்தே திட்டினேன்.

ரொம்ப நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கதவைத் தட்டினார். உட்காரவில்லை. கைப்பையைத் திறந்து மேசைமேல் கொட்டினார். தைலம், திருநீற்றுப் பொட்டலம், முறுக்குத் தூள். நடுவில் கசங்கிய டிஷ்யூ.

"அவனத் தூக்குன அன்னைக்கு, ஞாபகமா இருக்கட்டும்னு ஒண்ணு கிள்ளிட்டேன். யாருகிட்டயும் கேக்கல. பேக்ல போட்டு மறந்தே போச்சு லா. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

டிஷ்யூவைப் பிரித்தேன். சுருங்கிய ஓர் இலை. அதன் அடியில் இளஞ்சிவப்பாக நூல் நூலாய் வேர். வேருக்குப் பக்கத்தில் கடுகளவு செடி, ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தோடு.

மண் இல்லை, வெயில் இல்லை, தைல வாசனையில் கிடந்து பிழைத்திருக்கிறது!

"நீங்களே வச்சுக்கங்க அண்ணி, உங்க தம்பி செடி," என்றேன். மரியாதைக்குச் சொன்னது. இலையை நான் கீழே வைக்கவே இல்லை.

அண்ணி மறுத்துத் தலையாட்டினார். "வேணாம்மா. நான் வச்சா ஊத்திருவேன். காஞ்சு கெடக்கறதப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது. அவன் தண்ணி கேட்டப்பவே பார்க்க முடியல. உன்னாலதான் முடியும்."

என் கணவர் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிச் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவேன். அது அண்ணிக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகவில்லை. இலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அண்ணி எதிரிலேயே, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.