எறும்பு என்று சொன்ன போன்

நான் வீட்டிலிருந்தே செய்வது பூச்சிப் படங்களை இனம் பிரிக்கும் வேலை. வயலில் எடுத்த படங்களுக்கு நாங்கள் பெயரிட்டுக் கொடுப்போம். அவற்றை வைத்துக் கணினி பழகும். பிறகு புதுப் படம் காட்டினால் அதுவே பெயர் சொல்லும். சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை. குழந்தை பிறந்த பிறகு எதையுமே நம்புவதில்லை.

முசிறியிலிருந்து என் கணவரின் அக்கா வந்திருந்தார், குழந்தையைக் கொஞ்சுவதற்கென்றே. ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் விளக்குப் போட்டால் போதும், கொள்ளிடத்துப் பக்கத்து வயல் பூச்சியெல்லாம் வந்துவிடும். அன்று ஒன்று குழந்தையின் வெள்ளைச் சட்டையில், கழுத்தை நோக்கி ஊர்ந்தது. ஒல்லியான உடம்பு, சிவப்பும் கறுப்புமாக. படம் எடுத்து, போனில் இருக்கும் எங்கள் செயலியிடம் காட்டினேன். எறும்பு என்றது.

எனக்குச் சந்தேகம். அது பழகிய படங்களெல்லாம் பச்சை இலைமேல் எடுத்தவை. வெள்ளைத் துணியில் எதைக் கண்டாலும் உளறும். எறும்பு போலவே ஒரு வண்டு உண்டு. கடிக்காது. ஆனால் நசுங்கினால் அதன் சாறு பட்ட இடம் வெந்துபோகும்.

"எறும்புதானே, தட்டி விடு" என்று அக்கா கையை ஓங்கினார். பிடித்துத் தள்ளிவிட்டேன்.

"என்னம்மா இது, நான் என்ன புள்ளையையா அடிக்கப் போறேன்?"

"தட்டாதீங்கக்கா, ஊதி விடலாம்."

ஊதினேன். அது எகிறி அவர் முன்கையில் விழுந்தது. பளாரென்று அடித்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சோப்புப் போட்டுக் கழுவிடுங்கக்கா."

"சரிங்க, பூச்சி டாக்டரம்மா" என்று சிரித்தார். எழுந்திருக்கவில்லை.

மறுநாள் குழந்தையின் கழுத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அக்கா அவனைத் தூக்கவே இல்லை. அவன் வீறிட்டபோதும் தள்ளி நின்றே சமாதானம் சொன்னார். கையைத் தள்ளிவிட்ட கோபம்தான், ஊரில் போய் என்ன சொல்வாரோ என்று காலையெல்லாம் குமைந்தேன். முந்தானையை வேறு இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கையில என்னக்கா?"

"எண்ணெய் தெறிச்சிருச்சும்மா."

காலையில் அடுப்பைத் தொட்டது நான்தான்; பால் மட்டுமே காய்ச்சினேன். முந்தானையை விலக்கிப் பார்த்தேன். முன்கையில் தீற்றியதுபோல் நீளமாகச் சிவந்து, கொப்புளம்.

"எத்தனையோ தரம் கழுவிட்டேன். ஆனாலும் புள்ள மேல பட்டுருமோன்னு பயமா இருக்கு" என்றார். "தொட்டா ஒட்டிக்குமா?"

கழுவிய பிறகு ஒட்டாது. எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். இருந்தும் ஒரு நொடி தயங்கினேன். அதை அவர் பார்த்துவிட்டார். பிறகுதான் குழந்தையை நீட்டினேன்.

புண்ணிருந்த கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவனை இடுப்பில் வாங்கிக்கொண்டார். நான் அவரை ஒட்டியே நின்றேன்.