சுவிட்சை இறக்கியது ஜெசிந்தா மேடம் அல்ல

அந்த ஆயுத பூசையன்று சர்வர் அறைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி சின்னச்சாமி, கையில் தேங்காயோடு. அவருடைய மச்சினன் தங்கவேல், கடிகாரத்தைப் பார்த்தபடி. கம்ப்யூட்டர் பிரிவில் மேடத்துக்கு அடுத்த இடத்தில் இருந்த பிரபு. சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு நான், அந்த ஆபீசைக் கூட்டித் துடைத்து டீ கொடுத்துக்கொண்டிருந்த பாப்பாத்தி. ஜெசிந்தா மேடம் அந்த அறையில் இல்லவே இல்லை. இல்லாதவர் தலையில்தான் பழி விழுந்தது. அதனால்தான் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதுகிறேன்.

மேடம் போய்விட்ட சேதி வந்தபோது ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். அவர் தங்கச்சி போனில் அழுதாள். "எக்கா, அக்கா நம்மள விட்டுட்டுப் போயிட்டா." காலையில் ஜெபம் முடித்து எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். ஐம்பதுகூட நிறையாத உயிர். சர்க்கரையும் வேண்டாம் பாமாயிலும் வேண்டாம் என்று பையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, நெருப்பெரிச்சலில் அவர் நடத்திவந்த கம்ப்யூட்டர் சென்டரிலேயே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அங்கே ஒருவன் பேசிய பேச்சைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரை அறிந்தவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம் மேடத்துடையது. அப்பாவும் அம்மாவும் கட்டிங் டேபிளில் நின்று அவரைப் படிக்க வைத்தார்கள். எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்று ஒன்றை உண்டாக்கியதே அவர்தான். கம்பெனியின் கணக்கு வழக்கு மொத்தமும் சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பக்கத்திலேயே யூபிஎஸ், கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் அதைத் தாங்கிப் பிடிக்கிற பேட்டரிப் பெட்டி. இரண்டையும் மேடம் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஹாலில் காத்திருந்தார். காட்ட வேண்டிய சாம்பிள் டீ-சர்ட் கசங்கிக் கிடந்தது. தங்கவேல் என்ன செய்தார் தெரியுமா? இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, கிட்டத்தில் கண்ணில் பட்ட யூபிஎஸ் பாயிண்டில் சொருகிவிட்டார். யூபிஎஸ் வெட்டப்போகிற ஆடு மாதிரிக் கத்தியது. மேடம் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்.

"யாரு சார் இதுல இஸ்திரிப் பெட்டியச் சொருகுனது?"

"பையர் உக்காந்திருக்காருங்க மேடம். ஒரு சட்டைக்கு இத்தன சத்தமா?"

"சட்ட கசங்குனா மறுபடியும் தேச்சுக்கிடலாம். இது கசங்குனா தேய்க்க முடியாது."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். தங்கவேல் முகம் சாயப்பட்டறைத் தண்ணீர் மாதிரிக் கறுத்தது. மறுநாளே மேடம் யூபிஎஸ் பாயிண்டுகளுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடிக்க வைத்தார். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் தங்கவேலுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்திருக்கும். எனக்கே வந்தது.

பிரபு வேலைக்கு வந்த நாளும் அப்படியே கண்ணில் நிற்கிறது. இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ கொண்டுபோனபோது உள்ளே டை கட்டிய ஒரு பையன் இருந்தான். மேடம் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் அவனிடமும் கேட்டார்.

"தம்பி, ஒங்க கையால எப்பமாச்சும் சர்வர் நின்னுருக்கா?"

"இல்லவே இல்லீங்க மேடம். நான் ஒரு மிஸ்டேக்கும் பண்ணதில்லீங்க."

"அப்பம் நீங்க இன்னும் வேலையே பாக்கல தம்பி. டீயக் குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க."

அவன் வெளியே போய்ச் சும்மா போகவில்லை. "தப்பே பண்ணலீன்னு சொன்னா தொரத்தி உட்டுருது அந்தம்மா" என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் பொருமிவிட்டுத்தான் போனான். காலி கிளாஸோடு நான் அங்கேதான் நின்றேன். அடுத்த ஆள் பிரபு. அவன் உள்ளே போய் என்ன சொன்னான் தெரியுமா?

"பழைய கம்பெனில ஃபேன் சுவிட்சுன்னு நெனச்சு சர்வர் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டனுங்க மேடம். யாரும் பாக்கலீங்க. நானாத்தான் போயிச் சொன்னனுங்க. வேலைய உட்டு அனுப்பிட்டாங்க."

மேடத்தின் கண் மலர்ந்துவிட்டது. நாளைக்கே வந்துவிடச் சொன்னார். அவன் போனதும் என்னிடம், "எக்கா, தப்பு செய்யாத ஆளு ஒலகத்துல கெடையாது. செஞ்சத வாயத் தொறந்து சொல்லுத ஆளு கெடைக்கதுதான் கஷ்டம்" என்றார்.

"அம்மிணி, அவன் வெளியவே கேட்டுட்டு வந்து சொல்லியிருந்தான்னா?" என்றேன்.

"நீங்க எல்லாரையும் சந்தேகப்படுதீக எக்கா" என்று சிரித்தார். நான் சந்தேகப்படுகிறவள்தான். என் சந்தேகம் எத்தனை முறை பொய்த்தது என்று யாராவது சொல்லட்டும்.

இனி அந்தப் பூசை நாள்.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூசைக்கு மெஷினைக் கழுவித் துடைத்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். நமக்குச் சோறு போடுகிற ஆயுதம் அன்றைக்கு ஓய வேண்டும். நிட்டிங் மெஷினுக்கும் தையல் மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் அதே மரியாதைதான். சர்வருக்கும் வைக்க வேண்டும் என்று முதலாளி சொன்னபோது மேடம் ஒரு வருசம்கூட மறுத்ததில்லை. "எந்தச் சாமியக் கும்பிட்டாலும் முறையா அணைச்சிட்டுக் கும்பிடுவோம் சார்" என்பார். கீழே வேலை செய்கிறவர்கள் முடித்து எழுந்த பிறகு, ஒவ்வொன்றாக அணைத்து, கடைசியில்தான் யூபிஎஸ். அப்புறம் குங்குமத்தைத் தானே தொட்டு வைப்பார். வேதக்காரம்மா பொட்டு வைக்கிறார் என்று யாரும் சிரித்தால் திரும்பியும் பார்க்க மாட்டார்.

அந்த வருசம் பூசை வேளையிலும் பேக்கிங்கில் பெட்டிக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விடுமுறை முடிந்ததும் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். மேடம் பிரபுவை சர்வர் அறை வாசலில் நிறுத்தி, "கீழ முடிக்கச் சொல்லிட்டு வந்திருதேன். நான் வாற வரைக்கும் இதுல யாரையும் கை வைக்க விடாத" என்றார். தட்டில் சந்தனம் குழைத்தபடி என் காதால் கேட்டேன்.

அவர் படி இறங்கியதும் முதலாளியும் தங்கவேலும் வந்துவிட்டார்கள். வாசலில் நின்றவனும் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டான். "ராகு காலம் வந்துருமுங்க மாமா" என்று தங்கவேல் அவசரப்படுத்தினார். முதலாளி தேங்காய் உடைக்க வாசற்படிக்குப் போனார்.

"பிரபு, அதை எறக்கு" என்றார் தங்கவேல், யூபிஎஸ் சுவிட்சைக் காட்டி.

"ஏனுங்க, மேடம் கீழதான் போயிருக்குது. இப்ப வந்துருமுங்க" என்றேன் நான்.

"அந்தம்மாளுக்கு ராகு காலம் தெரியுமா, எமகண்டம் தெரியுமா? நீ தட்டப் புடி."

"மேடம் வரட்டுமுங்களே..." என்று பிரபு இழுத்தான். அந்த ஒரு வாக்கியம் அவன் சொன்னான், அதையும் எழுதத்தான் வேண்டும்.

"உனக்குச் சம்பளம் குடுக்கறது மேடமா, மாமாவா?"

அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை. கை நீண்டது, சுவிட்ச் இறங்கியது. மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் ஒரே நொடியில் செத்தன. வாசலில் தேங்காய் உடைந்த சத்தம் கேட்டது.

மேடம் படியேறி ஓடிவந்தார். "யாரு அணைச்சது? கீழ எல்லாம் பாதியில நிக்குது!" தங்கவேல் சாமி படத்தைப் பார்த்தார். பிரபு கைகூப்பி நின்றான். முதலாளியோ, "பூசை நேரத்துல சத்தம் போடாதீங்க மேடம்" என்று கற்பூரத்தை ஏற்றினார்.

விடுமுறை முடிந்து ஏற்றியபோது சர்வர் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் வரைக்குமான கணக்கை மேடம் வேறொன்றில் எடுத்து வைத்திருந்ததால் அதை மீட்டார். பூசையன்று ஏற்றிய பெட்டிக் கணக்கு மட்டும் போனது போனதுதான். ஒட்டிய பெட்டிகளைப் பிரித்து மறுபடி எண்ணினார்கள். கப்பல் போய்விட்டது. சரக்கைக் கைக்காசு போட்டு விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு எக்ஸ்போர்ட் முதலாளிக்கு அதைவிட வயிறு எரிகிற காரியம் இல்லை. எல்லோரையும் கூப்பிட்டு, யார் அணைத்தது என்று கேட்டார்.

பிரபு சொன்னான்: "மேடம்தானுங்க சார், கீழ போறப்ப அணைச்சு வெக்கச் சொன்னாங்க."

மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார். "பிரபு, நான் அப்படியா சொன்னேன்?"

அவன் தரையைப் பார்த்தான். அந்தத் தரையைக் காலையில் துடைத்தவள் நான், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஐயா, தங்கவேல் சொன்னாருங்க, இவன் எறக்குனானுங்க, நான் பாத்தனுங்க" என்றேன்.

"கம்ப்யூட்டரப் பத்தி உனக்கென்ன தெரியும் பாப்பாத்தி? போய் வேலையப் பாரு."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கை தெரியும். எந்தக் கை என்றும் தெரியும்.

முதலாளி அவன் பேச்சையே நம்பினார். மேடம் அன்றைக்கே தன் மேசையை ஒழித்துக்கொண்டு கிளம்பினார். கேட் வரைக்கும் கூடப் போனேன். "இன்னொரு வாட்டி போயிக் கேளுங்க அம்மிணி, நான் சாட்சி சொல்றேன்" என்றேன். "என்னத்தக் கேக்க எக்கா? நான் பாத்து எடுத்த ஆளு. அவனே பொய் சொல்லுதான்னா என் இன்டர்வியூதான தோத்துப்போச்சு?" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

அதன் பிறகு எந்தக் கம்பெனியும் அவரை எடுக்கவில்லை. திருப்பூரில் வார்த்தை நூலைவிட வேகமாக ஓடும். அத்தனை பேரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவர், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "பழைய கம்பெனில சர்வர அணைச்சது நீங்கதானே?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு வந்தார். கடைசியில் நெருப்பெரிச்சலில் அந்தச் சின்ன சென்டரைத் திறந்தார். நிட்டிங் வேலைக்குப் போகிற பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்து படித்தார்கள். அங்கேயும் பாயிண்டுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட். "கரண்டு போறது தப்பில்ல பிள்ளைகளா, அணைச்சவுக அணைச்சேன்னு சொல்லணும்" என்பதுதான் முதல் பாடம்.

இரங்கல் கூட்டத்துக்குப் பிரபு காரில் வந்தான். இப்போது பெரிய கம்பெனியில் மேனேஜராம். ஆள் உயர மாலை. மைக்கைப் பிடித்து, "மேடம் எனக்கு அம்மா மாதிரிங்க. வாழ்க்கையில ஒரே ஒரு தப்புப் பண்ணாங்க. சர்வர அவசரப்பட்டு அணைக்கச் சொல்லிட்டாங்க. அத நாம மறந்துரலாமுங்க" என்றான். மேடத்திடம் படித்த பிள்ளைகள் அழுதபடி தலையாட்டினார்கள். செத்தவர் படத்துக்கு முன்னால் நின்று அதே பொய்! நான் எழுந்தேன். மேடத்தின் தங்கச்சி என் கையைப் பிடித்து, "வேண்டாம் எக்கா, அக்கா அவனுக்காகவும் ஜெபம் பண்ணுனா" என்றாள். அந்தக் கைக்காக உட்கார்ந்தேன். ஆனால் எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

மேடத்திடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு கேள்வி. போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், "இதுவரைக்கும் என்ன தப்புப் பண்ணியிருக்கீங்க கண்ணு?" என்று கேட்டேன். "ஒன்னுமே இல்லீங்க அம்மாயி" என்றான். டீயைக் குடிக்க வைத்து அனுப்பிவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் என் மேல் கோபம். இருக்கட்டும். தப்பை ஒப்புக்கொள்கிற ஒருவன் வந்தாலும், அவன் அதை எந்த பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தான் என்று விசாரிப்பேன். மேடம் கேட்காமல் விட்டது அது.

முதலாளி கண்ணால் பார்க்கவில்லை, அவரை விட்டுவிட்டேன். தங்கவேலுக்கு அதை அணைத்தால் என்ன ஆகும் என்று தெரியாது, தான் சிரிப்பாய்ப் போன கோபம்தான் தெரியும், அவரையும் போகட்டும் என்று விடுகிறேன். தெரிந்தே இறக்கியவன், இறக்கிவிட்டு மேடம் மேல் பழி சொன்னவன், அவர் படத்துக்கு முன்னாலும் அதையே சொன்னவன் ஒருத்தன்தான். மேடம் அவனுக்காக ஜெபம் செய்திருக்கலாம், அது அவர் குணம். நான் மன்னிக்க மாட்டேன். வேறு யாரோ என்று எவரும் குழம்ப வேண்டாம் என்பதற்காக ஊரும் அப்பன் பெயரும் சேர்த்தே எழுதுகிறேன்: கணியூர் ஆறுமுகம் மகன் பிரபு.