குண்டானுக்குள் போன செல்போன்கள்

உலை கொதித்துக் குண்டானின் மூடி தடதடவென்று ஆடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயிற்சி மேடத்தின் முகம் நினைவுக்கு வரும். முதலில் சிரிப்பு வரும். பிறகு அது நின்றுவிடும்.

திருவையாற்றுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்குப் பாடம் சொல்ல வந்தவர் அவர். செல்போனே கதியென்று கிடக்கும் ஜனங்களை வட்டமாக உட்காரவைத்து மனம்விட்டுப் பேசவைக்க வேண்டுமாம். அதை எப்படி நடத்துவது என்று முதலில் எங்களுக்குள்ளேயே ஒத்திகை பார்க்க வேண்டுமாம். ஒருத்தி நடத்துவாள், மற்றவர்கள் ஊர்க்காரர்களாக நடிப்பார்கள். மூன்று நாள் இந்தக் கூத்து. எங்கள் முகத்தைப் பார்த்து மேடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மெஷினிலிருந்து சுவரில் விழுந்த படத்தைப் பார்த்துத்தான் பேசினார். போன்களைப் போட்டு வைக்கப் பெட்டி கேட்டார். பெட்டிக்கு எங்கே போவது? சோறு வடிக்கும் குண்டானை என் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தேன். பன்னிரண்டு போன்கள் உள்ளே விழுந்தன. மூடியைப் போட்டேன். மேடத்தின் போன் மட்டும் கையிலேயே இருந்தது.

“எனக்கு ஆபீஸ்லேர்ந்து கூப்பிடுவாங்கம்மா.”

“எங்கள மட்டும் வயல்லேர்ந்து தவளையா கூப்புடப் போவுது?” என்றாள் எங்கள் குழுவில் இருக்கும் பால் சொசைட்டிக்காரி. கூடமே சிரித்தது. மேடத்துக்குப் புரியவில்லை.

நடுவில் யாராவது போனை எடுக்கக் கை நீட்டினால் தடுக்கக் கூடாது, “உங்களுக்கு இப்ப என்ன தோணுது?” என்று கேட்க வேண்டும் என்பது அவர் பாடம். எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவர் கொடுத்த தாளில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் முப்பது வருஷம் நடவு வயலில் இருபது பெண்களை வரிசை கலையாமல் நடத்தியவள் நான். எவளாவது நிமிர்ந்து நின்று ஊர்க்கதை பேசினால் ஒரு முறை தொண்டையைச் செருமுவேன். கை தானாகச் சேற்றுக்குள் போய்விடும். என்னிடம் வந்து என்ன தோணுது, ஏது தோணுது என்று!

மூன்றாம் நாள் என் முறை வந்தது. எதிர்வீட்டு பாயின் மருமகளும் வட்டத்தில் இருந்தாள். அவள் புருஷனுக்கு வளைகுடாவில் வேலை. அவன் இருக்கும் பாலைவனத்தில் டவர் கிடையாது. வெள்ளிக்கிழமை டவுனுக்கு வரும்போதுதான் பேசுவான். அந்தப் பேச்சை வைத்துத்தான் அவளுக்கு வாரம் ஓடும். ஊருக்கே தெரிந்த சங்கதி இது.

அன்று செவ்வாய்க்கிழமை. உள்ளே ஒரு போன் அடித்து, குண்டான் தடதடவென்று அதிர்ந்தது. பாட்டைக் கேட்டதுமே அவள் எழுந்துவிட்டாள்.

“பெரியம்மா, எம் போனு.”

“உக்காரு. இன்னைக்கு என்ன வெள்ளிக்கெழமையா?”

“ஒரு நிமிஷம் பெரியம்மா, பாத்துட்டு வச்சுர்றேன்.”

உள்ளங்கையை மூடிமேல் வைத்து அமுக்கினேன். தொண்டையைச் செருமினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். என் கண் அவள்மீது இல்லை, மேடத்தின்மீது இருந்தது. பார்த்துக்கொள், கூட்டம் நடத்துவதென்றால் இதுதான் என்று. “கேக்கணும்மா…” என்று மேடம் ஏதோ தொடங்கினார். அதற்குள் அவருடைய போன் அடிக்க, வாசலுக்குப் போய்விட்டார். என் கைக்கடியில் அதிர்வு அடங்கியது.

கூட்டம் முடிந்து அந்த நம்பரைக் கூப்பிட்டாள். எவனோ எடுத்தான். இவள் புருஷன் வழியில் டவர் கிடைத்த இடத்தில் அவனுடைய போனை வாங்கித்தான் பேசப் பார்த்திருக்கிறான். புருஷனை வேறு இடத்துக்கு ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது என்றான். அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. நாற்பது நாள். அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றே தெரியாது. குழம்பு கொண்டுபோனேன். “வச்சுட்டுப் போங்க” என்றாள். பெரியம்மா என்ற சொல் அதில் இல்லை.

நாற்பத்தோராம் நாள் அவன் பேசினான். அந்தச் செவ்வாய்க்கிழமை சொல்ல வந்தது இவ்வளவுதானாம்: “கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது, பயப்படாத.”

எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. சிறப்பாக நடத்தினார் என்று அதில் எழுதியிருப்பதைப் பால் சொசைட்டிக்காரி படித்துக் காட்டினாள். கூட இருந்து பார்த்துவிட்டு இப்படி எழுதிய கை என்ன கை! அந்த மேடத்தின்மீது எனக்கு இன்றும் மரியாதை கிடையாது. ஆனால் ‘என்ன தோணுது’ என்ற அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் பாயின் மருமகள் மனதில் இருந்ததைச் சொல்லியிருப்பாள். இன்னாரிடமிருந்து வந்தது என்பதற்காகவே அதைத் தூக்கி எறிந்தேன். அந்த இளக்காரம் என்னுடையது.

இப்போது அவள் வருகிறாள், சிரிக்கிறாள், பெரியம்மா என்கிறாள். போனை மட்டும் என் வீட்டில் கீழே வைப்பதில்லை. நேற்று அவள் வந்திருந்தபோது உலை கொதித்து மூடி ஆடியது. அவள் கை சட்டென்று இடுப்பில் செருகியிருந்த போனைத் தொட்டுப் பார்த்தது. நான் மூடியை அமுக்கக் கையை நீட்டவில்லை. மூடி ஆடிக்கொண்டே இருந்தது.