தலையில் மட்டும் அடிக்காதீர்கள்

முடிச்சுக்காரரின் உடம்பைப் படிக்கத் தெரிந்தால், அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் இருபத்தாறு வருடக் கதையும் தெரிந்துவிடும். முன்பல் மூன்று இல்லாதது ஒரு கோவேறு கழுதையின் உபயம். இடது விலாவில் இரண்டு எலும்புகள் கோணலாகக் கூடியிருப்பது, காயடிக்கக் கொண்டுவந்த காளை அவரைச் சுவரோடு வைத்து நசுக்கிய அன்று. வலது சுண்டுவிரலின் நுனி ஒரு தாய்ப்பன்றியின் வயிற்றுக்குள் போய், எந்தக் காலத்திலோ எருவாகிவிட்டது.

"உங்க உடம்புல உதை வாங்காத இடம்னு ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று அவர் மனைவி முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"காது இருக்கே."

"அதுக்குத்தான் நான் இருக்கேன்" என்று அதையும் ஒரு திருகு திருகிவிட்டுப் போவாள்.

பெரிய மிருகங்களின் சிகிச்சைக்கூடத்தில் கயிறு பிடிப்பதுதான் அவர் வேலை. நானூறு கிலோ காளையை ஒற்றைக் கயிற்றில் மூன்று வளையம் போட்டு இழுத்தால், அது உட்காரவே வந்ததுபோல மடங்கிச் சரியும். மாணவர்கள் புத்தகத்தில் படித்து வந்ததை அவர் கட்டிக் கொடுத்த மிருகத்தின்மேல்தான் செய்து பார்ப்பார்கள். "படிச்சவங்க ஊசி போடுவாங்க, படிக்காதவன் உதை வாங்குவான். கல்லூரின்னா அதுதான்" என்பார். அதில் அவருக்குக் குறை எதுவும் இருந்ததில்லை.

ஒரே ஒரு கட்டு மட்டும்தான் அவர் நெஞ்சை விட்டுப் போகாதது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால், கொட்டில் கூட்டுபவரை ஒரு நாய் கடித்தது. நாயை மற்றவர்கள் கடப்பாரையால் தலையிலேயே போட்டுச் சிதைத்தார்கள். மூளையைப் பார்த்தால்தான் வெறிநோயா என்று சொல்ல முடியும். ஆய்வுக்கூடத்தார் அந்தக் கூழைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிரூபணம் இல்லை, பயப்படாதே என்றது அலுவலகம்; ஊசியும் போடவில்லை. ஆறாவது வாரம் கொட்டில்காரர் தண்ணீர் டம்ளரைப் பார்த்து அலறினார். தொண்டை இழுக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், வாய் கோணும். இடையில் ஒரு கால் மணி நேரம் தெளிவு வரும். அப்படி ஒரு தெளிவில், "நீ நல்லா கட்டுவியேப்பா, என்னைக் கட்டிடு. பிள்ளைங்க கிட்ட வருது" என்றார். கட்டிலோடு சேர்த்து நான்கு கட்டு. அவிழ்க்கும்போது ஆள் இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு எலும்புவரை இறங்கியிருந்தது.

இப்போது சொல்லவந்தது நடந்தது இந்த வருடக் கோடைக்கால வகுப்பு ஒன்றில். காலையில் ஒரு மாணவி குளம்பு செதுக்கும் கத்தியை நழுவவிட்டு ஆள்காட்டி விரலைப் பிளந்துகொண்டாள். கட்டுப் போட்டுவிட்டவர் முடிச்சுக்காரர்தான். "ஆழமா இருக்கும்மா. இன்னிக்கு எதையும் தொடாதே" என்று சொல்லி அனுப்பினார். பத்து மணிக்கு ஒரு பால்காரர் கறவைப் பசுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். தின்னவில்லை, குடிக்கவில்லை.

"பீட்ரூட் குவியல்ல மேஞ்சுதுங்க. தொண்டையில மாட்டியிருக்கும்" என்றார் பால்காரர்.

பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. மாடுகளின் தொண்டை அடைப்பைப் பற்றி நான்கு வருடங்களாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் அவர். நாற்பது மாடு சேர்ந்தால் கட்டுரை. முப்பத்தொன்பது சேர்ந்திருந்தன. இது நாற்பதாவது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தொண்டையில் அடைப்பு என்றால் வெறும் கையைத்தான் விடவேண்டும். கையுறை மாட்டினால் மாட்டின் கடைவாய்ப் பல் கிழித்துவிடும், கிழிந்த துண்டை மாடு விழுங்கிவிடும், விரலுக்கும் எதுவும் தெரியாது என்பது அவர் கட்சி. "கைக்குக் கண்ணு இருக்கணும். உறை போட்டா குருடு" என்பார். முப்பத்தொன்பது மாட்டிலும் அப்படித்தான். மாணவர்கள் அதைப் பெருமையாகவே கற்றுக்கொண்டார்கள்.

கம்பிக்கூண்டுக்குள் மாட்டை நிறுத்தி, முடிச்சுக்காரர் தலையை இடுப்போடு அணைத்து, நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டார். முதலில் பேராசிரியர் முழங்கைவரை விட்டுத் துழாவினார். பிறகு வரிசையாக மாணவர்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். எச்சில் அவர்கள் முழங்கையிலிருந்து ஒழுகி முடிச்சுக்காரரின் சட்டைக்குள் இறங்கியது.

எட்டாவது அந்த மாணவி. விரலைக் காட்டித் தயங்கினாள்.

"உன் விரலைப் பத்தி மாட்டுக்கு என்னம்மா கவலை? கட்டை அவிழ்த்துட்டு விடு. உள்ளே விழுந்துட்டா அது வேற அடைப்பு" என்றார் பேராசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கட்டை அவிழ்த்தாள். விரலில் பிளவு இன்னும் ஈரமாக இருந்தது.

அப்போது மாடு கத்தியது. அது மாடு கத்துகிற கத்தல் இல்லை. உடைந்த குழாயில் காற்று போவதுபோல, கரகரத்து, முடிவில் சுருதி இறங்கிப்போன சத்தம். முடிச்சுக்காரர் பின்காலைப் பார்த்தார். குளம்பு மடங்கி, மூட்டில் நின்றுகொண்டிருந்தது.

"சார், சத்தம் சரியில்ல சார்."

"நீ நாக்கைப் பிடிய்யா."

"காலும் இழுக்குது சார். அந்தப் பொண்ணு கையை எடுக்கச் சொல்லுங்க."

"முடிச்சு, வகுப்பு எடுக்கறது நீயா நானா?"

மாணவி கையை உருவவும், மாடு தலையை ஒரு வீசு வீசவும் சரியாக இருந்தது. முடிச்சுக்காரர் காற்றில் பறந்து மருந்து அலமாரியின்மேல் விழுந்தார். கண்ணாடி நொறுங்கியது. மாடு கூண்டின் முன்கம்பியைக் கடித்தது. இரும்பைக் கடித்தது, விடவில்லை. பல் உடைகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு மறுபடியும் கடித்தது. எச்சில் சிவப்பானது. அடுத்த மோதலில் தாழ்ப்பாள் தெறித்து, கதவு ஒரு மாணவனின் தோளில் அடித்து எலும்பை முறித்தது. பிடிக்க ஓடிய பால்காரரின் தொடையில் கொம்பு ஏறி இறங்கியது. அவர் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ரத்தத்தை அமுக்கிக்கொண்டு அழுதார்.

"யோவ், இந்த மாட்டை நாய் கீய் கடிச்சுதா?" முடிச்சுக்காரர் அலமாரிச் சில்லுகளிலிருந்து எழுந்தபடியே கத்தினார்.

"ரெண்டு மாசம் இருக்கும்ணே. மூக்குல லேசா. ஆறிப்போச்சேன்னு..."

மாணவி தன் விரலைப் பார்த்தாள். மாடு சுவரை முட்டிக்கொண்டிருந்தது.

அலறல் கேட்டு எதிர்ப் பட்டறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். சம்மட்டி, இரும்புக் குழாய், கடப்பாரை. முற்றத்துக்குப் பாய்ந்த மாட்டை ஒரு மூலையில் ஒதுக்கினார்கள். முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது அடி முன்காலை முறித்தது. சம்மட்டிக்காரர் நெற்றிக்குக் குறிபார்த்து ஓங்கினார்.

"தலையில அடிக்காதீங்க! தலையில மட்டும் அடிக்காதீங்க!"

"யோவ் கிழவா, தள்ளுய்யா! உன்னையும் சேர்த்துக் கொன்னுடும்!"

"தலை எனக்கு வேணும்!"

"தலையை வெச்சு என்ன, சூப்பா வைக்கப் போறே?"

முடிச்சுக்காரர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. மாட்டுக்கும் சம்மட்டிக்கும் நடுவில் பாய்ந்தார். சம்மட்டி நழுவித் தரையில் விழுந்தது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த குழாய் அவருடைய இடது முன்கையில் இறங்கித் தோலைப் பிளந்தது. வலித்ததா என்று பிற்பாடு கேட்டபோது, அந்த நேரத்தில் கொட்டில்காரரின் மணிக்கட்டுதான் கண்ணில் தெரிந்தது என்றார். வலது கையால் வளையத்தை வீசினார். கொம்பில் விழுந்தது. தூணைச் சுற்றி இழுத்து, இன்னொரு வளையத்தைப் பின்காலில் போட்டு, முழு எடையோடு கயிற்றில் தொங்கினார். மாடு சரிந்தது. அவர் கழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்தார். கீழே அந்த உடைந்த வாய் அவர் முழங்காலைத் தேடித் தேடிக் கடித்து, துணியை மட்டும் கிழித்தது.

"சார், ஊசி!"

பேராசிரியர் ஊசியோடு ஓடிவந்தார். இரண்டு தடவை நரம்பு தவறியது. மூன்றாவது தடவை மருந்து ஏறியது. மாடு நீளமாக ஒரு மூச்சு விட்டது. இன்னொன்று விடவில்லை.

தலையை அறுத்தவரும் முடிச்சுக்காரர்தான். இப்போது உறை வந்தது, கண்ணாடி வந்தது, முகக்கவசம் வந்தது. கழுத்தெலும்பின் முதல் மூட்டில் கத்தியை இறக்கி, திருகி, முழுசாக எடுத்துப் பனிக்கட்டி நிரப்பிய தகர டிரம்மில் வைத்தார். பட்டறைக்காரர்களில் ஒருவர் பால்காரரின் தொடையைத் துண்டால் இறுக்கிக் கட்டினார்; மற்றவர்கள் வாசலில் நின்று வாந்தி எடுத்தார்கள்.

பேராசிரியர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "சரி. தலை ஆய்வுக்கூடத்துக்குப் போகட்டும். நாளைக்கு முடிவு வந்துடும். அதுக்குள்ள பிள்ளைங்களை யாரும் பயமுறுத்த வேணாம். என் கணக்குப்படி இது அடைப்புதான். வலியில மாடு இப்படி நடந்துக்கும்."

"நாளைக்கா?" முடிச்சுக்காரர் மாணவியைப் பார்த்தார். "குழாய்கிட்ட போங்கம்மா. எல்லாரும். சோப்பு போட்டு, முழங்கைவரைக்கும், கால் மணி நேரம். நான் எண்ணுவேன்."

மாணவர்கள் ஓடினார்கள்; தோள் முறிந்தவனை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிப்போனார்கள். பேராசிரியர் நகரவில்லை. அவருடைய புறங்கையில் மாட்டின் பல் உரசிய மூன்று கோடுகள் சிவந்திருந்தன.

"நீங்களும்தான் சார்."

"முடிச்சு, எல்லை மீறாதே."

கயிறு எப்போது பறந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பேராசிரியரின் மணிக்கட்டில் வளையம் விழுந்து இறுகியது. கன்றை இழுப்பதுபோல முடிச்சுக்காரர் அவரை முற்றம் முழுக்க இழுத்தார். பேராசிரியர் உதைத்தார், திட்டினார், கால் வழுக்கி ரத்தத்தில் விழுந்தார். விழுந்தவரையும் இழுத்தார். கயிற்றின் நுனியைக் குழாயில் கட்டி, அந்தக் கையைத் தண்ணீருக்கு அடியில் வைத்து, தரை தேய்க்கும் சோப்பால் தேய்த்தார்.

"உன் வேலை போயிடும்டா!"

"போகட்டும் சார். கை இருக்கட்டும்."

வரிசையில் நின்ற மாணவர்கள் யாரும் சிரிக்கவில்லை. முடிச்சுக்காரர் ஒன்று, இரண்டு என்று தொள்ளாயிரம்வரை எண்ணினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கல்லூரி வேனிலேயே போனார்கள். வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்துத்தான் நர்ஸ் வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எட்டு மாணவர்கள், பேராசிரியர், கீழே சேர்த்து எழுதிய பால்காரர். பத்துப் பேர். மாணவியின் விரலில் மட்டும், காயத்தைச் சுற்றிலும் உள்ளேயும் சீரம் ஏற்றினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முடிச்சுக்காரர் சுவரோரம் நின்று, ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானே?" என்று நர்ஸ் பதிவேட்டை மூடினார்.

மாணவி திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கும்மா? நான் எங்க கையை விட்டேன்? பிடிச்சுக்கிட்டுதானே இருந்தேன்."

"கையைக் காட்டுங்கண்ணே."

"அட, விடும்மா."

"காட்டுங்க!" என்று அவள் அவருடைய சட்டைக்கையை மேலே தள்ளினாள். குழாய் பிளந்த இடம் வாய் திறந்திருந்தது. அதன்மேல் மாட்டின் எச்சிலும் ரத்தமும் காய்ந்து கறுத்திருந்தன. எல்லாரையும் கழுவவைத்து எண்ணியவர், தன் காயத்தைக் கழுவவில்லை. இருபத்தாறு வருடங்களாகப் பதிவேட்டில் கயிறு பிடிப்பவருக்கு ஒரு வரிகூட இருந்ததில்லை. அவரும் தன்னை எண்ணிப் பழகவில்லை.

நர்ஸ் திட்டிக்கொண்டே கழுவினார். பிளவின் ஓரமெல்லாம் ஊசி இறங்கியபோது முடிச்சுக்காரர் கத்திய கத்தலில் அடுத்த வார்டில் குழந்தை எழுந்துவிட்டது. கழுதை உதைத்தபோதுகூட அப்படிக் கத்தியதில்லை.

"கட்டிப்போடட்டுமாண்ணே?" என்றாள் மாணவி, அவர் தோளை அமுக்கியபடி. "எருமையைக் கட்டற மாதிரி. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"மூணாவது வளையத்தை நீ எப்பவும் தப்பாத்தானே போடுவே" என்றார் அவர், கண்ணில் நீரோடு.

மூச்சு வாங்கிக்கொண்டு படுத்தவருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. தன்னையே விட்டுவிட்டோமே, வேறு யாரை விட்டோம்? அடுத்த கட்டிலில் தொடைக்குத் தையல் போட்டுப் படுத்திருந்த பால்காரர் பக்கம் திரும்பினார்.

"யோவ், பீட்ரூட் மாட்டியிருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல கையை விட்டுப் பார்த்தோமே."

"நீயா?"

"என் கை தடிங்க, போகலை. என் சம்சாரம்தான் விட்டா. அவ கை சின்னது. ரெண்டு நாளா அவதான் விட்டு விட்டுப் பார்த்தா."

"கையில காயம் கீயம்?"

பால்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் வெளுத்தது. "அருவா பட்டது ஒண்ணு..."

முடிச்சுக்காரர் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். நர்ஸ் கூப்பிடக் கூப்பிட, கட்டுப் போட்ட கையோடு, திரும்பிப் போகக் காத்திருந்த வேனில் ஏறினார். வேனில் ஏற்கெனவே பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் கயிறு பதித்த தடம் நீலம் பாரித்திருந்தது. பதிவேடு மடிமேல் திறந்திருந்தது. மாணவி சொல்லியிருக்க வேண்டும்; பதினோராவது வரியில் முடிச்சுக்காரரின் பெயர் இருந்தது. பேராசிரியர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த முப்பத்தொன்பதுல ரெண்டு மாடு தானாவே செத்துது, முடிச்சு" என்றார் மெதுவாக. "தலையைத் திறக்கலை. அப்படியே புதைச்சோம்."

"அதுல கையை விட்டவங்க பேரெல்லாம் இருக்கா சார்?"

"பதிவேடு இருக்கு."

"அப்ப நாளைக்கு அவங்களைத் தேடலாம். இன்னிக்கு முதல்ல அந்தம்மா."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். ஆய்வுக்கூடத்தின் முடிவு வெறிநோய் என்று மறுநாள் மாலை வந்தபோது, பன்னிரண்டு பேருக்கும் முதல் ஊசி போட்டு முடிந்திருந்தது. பன்னிரண்டாவது வரியில் பால்காரரின் மனைவி. கோழிக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தவளை, அரிவாள் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, தொள்ளாயிரம் எண்ணிவிட்டுத்தான் வேனில் ஏற்றினார் முடிச்சுக்காரர். தான் வளர்த்த மாட்டை ஆட்கள் சம்மட்டியோடு சூழ்ந்தது தெரிந்ததிலிருந்து, வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்தது ஒன்றுதான்: மாட்டைத் தலையில் அடித்தார்களா?

"இல்லைம்மா" என்றார் பேராசிரியர். "இவர் அடிக்க விடலை."