உளுவையும் நீல மையும்

உளுவை என்று கேட்டால் எங்கள் ஊர் மீன்காரர் ஒரே மீனைத்தான் எடுத்துப் போடுவார். அதில் இரண்டு இனம் உண்டு என்று நான் நம்பினேன். ஒன்றுக்குக் கண்ணுக்குக் கீழே புள்ளி வரிசை ஒற்றை, மற்றதற்கு இரட்டை. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவையில் ஒரு கல்லூரியில், அதை நிரூபிப்பதுதான் என் ஆராய்ச்சி.

என் கைடுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். "தண்ணி மாறுனா மீனும் கொஞ்சம் மாறுமுங்க அம்மணி. அதுக்கெல்லாம் தனிப் பேரு வெக்க முடியுங்களா?" என்பார். அந்த 'ங்க'வில் மரியாதை துளியும் இருக்காது.

அவர் வாயை அடைக்க ஒரே வழி, இரண்டையும் ஒரே தண்ணீரில் பிடித்துக் காட்டுவது. கருமத்தம்பட்டிக்குத் தெற்கே நொய்யலில் இடுப்பளவு நீரில் நின்று, ஒரே வலைவீச்சில் இரண்டையும் பிடித்தேன். ஸ்பிரிட் புட்டிகளில் போட்டு, எண்ணும் இடமும் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே இட்டு, மற்ற ஊர் உளுவைகளோடு அலமாரியில் வைத்தேன்.

பல்கலைக்கழகக் குழு பார்வையிட வருவதற்கு முந்தைய வாரம் கைடு அலமாரியைத் திறந்தார்.

"என்னங்க பென்சில்ல கிறுக்கி வெச்சிருக்கறீங்க? எல்லாத்தையும் மையில எழுதிப்போடுங்க. பளிச்சுனு இருக்கோணும்."

ஸ்பிரிட்டில் மை கரையும். மீனைத் தொட்டுப் பல வருஷமான அவருக்கு அது மறந்துபோயிருந்தது. எனக்கு மறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழுவுக்கு முன்னால் மூக்குடைபடட்டும் என்று பழைய சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மையில் அழகாக எழுதினேன். விவரமெல்லாம் என் நோட்டில் இருக்கிறதே என்ற தைரியம் வேறு.

குழு வந்தபோது புட்டிகள் நீலமாகவும் சீட்டுகள் வெறுமையாகவும் இருந்தன. எல்லோரும் கைடைப் பார்த்தார்கள். அவர் என்னைக் காட்டினார். "அம்மணிதானுங்க எழுதுனாங்க."

நோட்டை விரித்தேன். எண்கள் வரிசையாக இருந்தன. எந்த எண் எந்தப் புட்டி என்பது மையோடு போய்விட்டது. புள்ளிகளை லென்ஸில் காட்டலாம்; இரண்டும் ஒரே தண்ணீரில் பிடித்தவை என்று காட்ட முடியாது. மறுபடி நொய்யலுக்கு ஓடினேன். அதற்குள் ஆற்றில் சாயப்பட்டறைத் தண்ணீர்தான் ஓடியது. எத்தனை முறை வீசியும் ஒரு மீன் சிக்கவில்லை.

ஆய்வேட்டில், உளுவை ஒரே இனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கைடு வாசித்துவிட்டு, "இப்பத்தானுங்க அம்மணி சரியா எழுதியிருக்கறீங்க" என்றார்.

அவரை இன்றைக்கும் வெறுக்கிறேன். அன்றைக்கு "சரிங்க சார்" என்றுதான் சொன்னேன். கரையும் என்று தெரிந்தே எழுதினேன் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?