கெலேபி போட்ட இரண்டாவது வழி

எங்கள் தீவில் இணையம் படுத்துவிட்டால் கெலேபியைத்தான் திட்டுவார்கள். பள்ளி அலுவலகத்தின் மூலையில் அவன் காவல் காக்கும் பிராக்ஸி சர்வர் இருக்கிறது. பள்ளி, தேவாலயம், மருத்துவ நிலையம் மூன்றும் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அதற்கு இரண்டு லைன்: பெரியது கேபிள், சின்னது சாட்டிலைட். மருத்துவ நிலையத்துத் தரவுப் பாக்கெட்டுகள் உள்ளே நுழையும்போதே அடையாளம் குத்தி, அவற்றை மட்டும் சாட்டிலைட்டுக்குத் திருப்பிவிட்டதாகப் ஒருநாள் மார்தட்டினான். அந்தப் பள்ளியில் டீச்சராக இருக்கும் நானும் நம்பிக் கைதட்டினேன்.

அடுத்த வாரம் அவன் பெரியப்பாவின் அடக்கம். கடல் கடந்து ஆக்லாந்தில் இருக்கும் சொந்தமெல்லாம் அதை நேரலையில் பார்த்து அழுதுகொண்டிருந்தது. அதே நேரம் மருத்துவ நிலையத்தில் அவன் தங்கை லோசலினுக்குப் பிரசவ வலி, கூடவே ரத்தப்போக்கு. ஸ்கேன் படத்தைப் பார்த்தால்தான் பெரிய தீவின் டாக்டர் படகு அனுப்புவார். இருட்டிவிட்டால் பவளப்பாறைகளுக்கு நடுவே படகு வராது. படமோ நகரவே இல்லை.

தங்கையின் பிரசவத்தை அண்ணன் காதில் போடுவது எங்களிடம் கிடையாது. அதனால் நர்ஸ் சூலியா சொல்லியனுப்பியதை நான் பாதியாக்கி, படம் போகவில்லை என்று மட்டும் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. யாருடைய படம் என்று அவன் கேட்கவில்லை.

நேரலையால் கேபிள் பிதுங்கி நின்றது, சாட்டிலைட் காலியாகக் கிடந்தது. திரையை முறைத்துக்கொண்டிருந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். பிராக்ஸி வந்ததை அப்படியே தள்ளிவிடுவதில்லை. உறையைப் பிரித்து, தன் பெயரில் புது உறை போட்டு அனுப்புகிறது. இவன் குத்திய அடையாளம் பழைய உறையோடு குப்பைக்குப் போயிருந்தது. மகராசன் சோதித்ததோ, லைன் உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வெறும் பிங் போட்டு. பிங் பிராக்ஸிக்குள் போவதே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன்.

யாருக்காக அனுப்புகிறோம் என்று பார்த்து பிராக்ஸியே அடையாளம் குத்தும்படி ஒரு வரி எழுதினான். ஆனால் பிராக்ஸியை நிறுத்தி எழுப்பினால்தான் அது வேலை செய்யும். நிறுத்தினால் நேரலை அறுந்துவிடும்.

அதற்கு அத்தை மெலெனைட்டே சம்மதிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அத்தை சொல்லுக்கு மேல் சொல் இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் அவள் உரிமை. லோசலின் கேட்காமலே ஒரு பெயரைத் தேர்ந்துவிட்டதால் மாதக்கணக்கில் இருவருக்கும் பேச்சில்லை. பிரசவம் சிக்கலானால் அத்தையின் மனக்குறைதான் காரணம் என்று ஊர் பேசும். அவள் தன் அண்ணன் உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கெலேபி எதிரே போய்த் தரையில் அமர்ந்தான், நான் பக்கத்தில் நின்றேன்.

"அத்தே, கொஞ்ச நேரம் லைனை நிறுத்தணும்."

"எங்கண்ணனுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டிருக்காங்க. இப்ப எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"அவளா?"

தலையாட்டினேன்.

"செத்தவன் எங்கேயும் ஓடிட மாட்டான். போய் நிறுத்துடா."

ஓடினோம். கெலேபி பிராக்ஸியை நிறுத்தி எழுப்பினான். ஆக்லாந்தின் திரைகள் இருண்டிருக்கும். சாட்டிலைட் லைனின் எண் மெல்ல அசைந்தது, பிறகு ஏறியது. நஞ்சுக்கொடி வழியை அடைத்திருக்கிறது, முக்க விடாதீர்கள், படகோடு நானே வருகிறேன் என்று டாக்டர் பதில் எழுதினார்.

பொழுது சாயும் நேரத்தில் படகு வந்தது. தங்கை படகேறுவது கண்ணில் படக் கூடாதென்று கடற்கரைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு கெலேபி கேட்டான்.

"கூட யாரு போறாங்க, டீச்சர்?"

"உங்க அத்தை."

துக்கத்துக்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் பாயை அவிழ்க்காமலே, அண்ணனின் தலைமாட்டை விட்டு எழுந்து அவள் படகில் ஏறியிருந்தாள். கெலேபி கீபோர்டு மேல் தலையைக் கவிழ்த்து அழுதான்.

மறுநாள் சூலியாவுக்குச் செய்தி வந்தது, அவள் என்னிடம் சொன்னாள். என்னைப் பார்த்ததும் கெலேபி, லைன் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டான். பாவம், அவனால் அவ்வளவுதான் கேட்க முடியும். வழக்கம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று நினைத்து, வாய்விட்டே சொன்னேன்.

"அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்காங்கடா. லோசலினே கேட்டு, அத்தைதான் பேர் வச்சாங்க."